கழுத்துக்கு ஒரு பூரிக்கட்டை

வலது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டேன். உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவேன். கர்வம் பிடித்தவள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கர்வமும் கொஞ்சம் உண்டுதான், ஆனால் இது அதனால் இல்லை. எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் ஆபீஸில் டைப்பிஸ்டாக உட்கார்ந்த முதல் வருடமே பிடித்துக்கொண்ட கழுத்து இது.

அந்த மேஜையை எந்தப் புண்ணியவான் செய்தானோ தெரியாது. ஆறடி ஆள் நின்றுகொண்டு சாப்பிடுவதற்குச் செய்த மாதிரி இருக்கும். நாற்காலியோ பிரம்பு தொய்ந்து பள்ளம் விழுந்தது. பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, தோளைக் காதுவரை தூக்கி, மேலே இருக்கும் மெஷினில் அடிக்க வேண்டும். மேனேஜர் கையால் எழுதித் தரும் கடிதங்கள் இடது பக்கம் தட்டையாகக் கிடக்கும். அவர் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதைப் படிக்கக் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை தலை இடது பக்கமே குனிந்திருக்கும். இது போதாதென்று, வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்பதால், காலையிலும் மாலையிலும் பஸ். உட்கார இடம் கிடைத்தால் தூக்கிப்போடும், நின்றால் கம்பியில் இடிக்கும். கண்டக்டரிடம் நான் சண்டை போடாத வாரம் கிடையாது. எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவே சொல்லும். நியாயம் என்று பட்டதைக் கேட்காமல் விட மாட்டேன் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

ஆபீஸில் டைப்பிஸ்டுகள் இரண்டு பேர். இரண்டு பேருமே தற்காலிகம். ஒருநாள் வராவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை, நாலு நாள் வராவிட்டால் வேலையே இல்லை. எனக்கு எதிர் மேஜையில் இருந்தவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவள் என்னை வாய் நிறைய ஏட்டி என்பாள். ராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். புருஷன் பம்பாய்க்கு வேலைக்கு என்று போனவன், இரண்டு கடிதம் போட்டான், அதோடு சரி. நாலு வயது மகளோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் குழந்தை பாத்திரத்தைக் கீழே போட்டால்கூட அவளுக்குத்தான் பேச்சு விழும் என்பது எனக்குத் தெரியும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். வேலை நிரந்தரமாக வேண்டும். நிரந்தரமானவர்களுக்கு மில்லைச் சேர்ந்த வரிசை வீடுகளில், லைன் என்போம், ஒரு வீடு கொடுப்பார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துவைக்கிற கல். சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட வரும்போது வேண்டுமென்றே அந்த லைன் வழியாகக் கூட்டிக்கொண்டு போவாள். கடைசியிலிருந்து மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது.

"நம்ம கதவ நாமளே சாத்திக்கிட்டு உள்ள உக்காரணும் ஏட்டி. யாரும் ஏன் சாத்துனன்னு கேக்கக் கூடாது. அம்புட்டுத்தான் எனக்கு," என்பாள்.

எனக்கும் நிரந்தரம் வேண்டியிருந்தது. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் முதல் கேள்வியாக "பொண்ணு வேலை பெர்மனன்டா?" என்றார்கள். பெண்ணைக் கேட்கிறார்களா, வேலையைக் கேட்கிறார்களா என்று நான் உள்ளே நின்று பல்லைக் கடிப்பேன். இருந்தாலும் ஆசை இருந்தது. அதை இன்றைக்கு மறைத்துப் பிரயோஜனமில்லை.

முதல் வருடம் முடிகிற சமயத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கழுத்திலிருந்து வலது தோள் வரை ஒரே இறுக்கம். பல் தேய்க்கக் கை தூக்கினால் உயிர் போகிறது. அம்மா அதெல்லாம் ஒன்றுமில்லை, படுத்த வாக்கில் பிடித்துக்கொண்டது என்று என் தலையணையைத் தூக்கி மாடியில் வெயிலில் போட்டாள். தலையணை காய்ந்தால் கழுத்துப் பிடிப்பு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். மூன்று நாள் தலையணை காய்ந்தது, நான் வலியோடேயே வேலைக்குப் போய்வந்தேன். என் கழுத்து அப்படியே இருந்தது. நாலாம் நாள் அம்மா உலக்கையை எடுத்து வந்தாள். சுளுக்குக்கு உலக்கையை உருட்டுவதும் உண்டுதான். குப்புறப் போட்டு முதுகிலிருந்து கழுத்துவரை ஒரே உருட்டு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து, "யாரு, என்ன, புள்ளைய எதுக்குடி அடிக்க?" என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தாள். மறுநாள் முன்னைவிட மோசம்.

ஆபீஸில் உட்கார்ந்து அடிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. தூசி என்றேன். எதிரே இருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"தூசியில்ல, மண்ணாங்கட்டி. திரும்பு பாப்போம்."

திரும்பினேன். உடம்போடு திரும்பினேன். உலக்கைக் கதையைச் சொன்னதும் அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்கம்மாவுக்கு நெனப்பெல்லாம் சரிதான். சாமான்தான் தப்பு. அம்மாடி, நெல்லுக் குத்துறத வச்சுக் கழுத்தக் குத்தலாமா?"

இரண்டு நாள் கழித்து ஒரு பையில் அந்த உருளையைக் கொண்டுவந்தாள். பேக்கிங் காகிதம் சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்து, அமுங்கிப் போகாமலிருக்க உள்ளே கழிவுப் பஞ்சை இறுக்கி அடைத்திருந்தாள். அதற்கு மேலே, சத்தம் கேட்காமலிருக்க டைப்ரைட்டருக்கு அடியில் போடுவோமே, அந்தப் பழைய ஸ்பாஞ்சைச் சுற்றியிருந்தாள். ஸ்டோரில் வேண்டாமென்று தூக்கிப் போட்டதை ஸ்டோர் கீப்பரிடம் கேட்டு வாங்கினாளாம். அதற்கும் மேலே பேண்டேஜ் துணியை நாலு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையிலும் ஊசி நூலால் நெருக்கித் தைத்திருந்தாள். அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் கையை எதிர்த்துத் தள்ளும்.

"இது என்னக்கா?"

"பூரிக்கட்டை. நீதான் மாவு."

அன்றிலிருந்து அதற்குப் பூரிக்கட்டை என்றே பெயர். ஹெட் கிளார்க் காதில் விழுந்தாலும் சமையல் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்.

ஆபீஸுக்குப் பின்னால் பழைய ஃபைல்கள் அடுக்கிய ரெக்கார்டு ரூம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே யாரும் வர மாட்டார்கள். தரையில் சாக்கை விரித்து என்னை மல்லாக்கப் படுக்க வைத்தாள். முழங்காலை மடக்கச் சொன்னாள். உருளையை முதலில் கழுத்துக்கு வைக்கவில்லை. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வைத்து, இடுப்பைக் கொஞ்சம் தூக்கி மேலும் கீழும் மெதுவாக நகரச் சொன்னாள். அது இளகின பிறகுதான் பிடரிக்கு அடியில் வைத்தாள்.

"இப்போ தலைய அதுமேல விட்ரு. நீ புடிக்காத, அது புடிச்சுக்கிடும். இந்தப் பக்கம் மெதுவா... இப்போ அந்தப் பக்கம். மாட்டேன் மாட்டேன்னு சொல்லுற மாதிரி. வலிக்கிற எடத்துல நிறுத்தி மூச்ச விடு. அமுக்காத, பாவி, அமுக்காத!"

தலைமாட்டில் உட்கார்ந்து தெலுங்கில் எண்ணுவாள். ஒகட்டி, ரெண்டு, மூடு. அவள் எண்ணுகிற வேகத்துக்குத்தான் நான் தலையைத் திருப்ப வேண்டும். பத்து எண்ணுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். எங்கே படித்தாள், யார் சொன்னது என்று கேட்டால், "மகளுக்குக் கழுத்து நிக்காத வயசுல எப்படித் தூக்குவோம்? அதே பக்குவந்தான்," என்றாள். ஒரு வாரத்தில் என்னால் கையைத் தூக்கித் தலை பின்ன முடிந்தது.

ஆனால் வேலை குறையவில்லையே. ஒரு மணி நேரம் உருட்டி இளக்கினதை மூன்று மணி நேரம் அடித்து இறுக்கிவிடுவேன். காலையில் ஹெட் கிளார்க் கடிதங்களை இரண்டு தட்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று வைத்துவிடுவார். அவரவர் தட்டை அவரவர் முடிக்க வேண்டும். நீளமான ஸ்டேட்மென்டுகள் வந்தால் அன்றைக்கு எனக்குக் கழுத்து கல்தான். முடிக்காமல் வைத்தால் அவர் கேட்பார். கழுத்து வலி என்று சொன்னால் நாளைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

அதற்கும் அவளே வழி சொன்னாள். "நீ போய்ப் படு. உன் தட்டையும் நானே அடிச்சுப்போடுதேன். கழுத்து செத்த தெளியட்டும்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இடது மூலையில் மேனேஜர் பெயரின் முதல் எழுத்துகளை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, அதற்குப் பக்கத்தில் அடித்தவளின் பெயர் எழுத்துகளைச் சிறியதாகப் போட வேண்டும். கார்பன் காப்பியிலும் அது விழும். தப்பு வந்தால் யார் அடித்தது என்று தேட வேண்டியதில்லை, எழுத்தைப் பார்த்தால் போதும். என் தட்டில் இருந்த கடிதங்களை அவள் அடிக்கும்போது என் எழுத்துகளைத்தான் போட வேண்டியிருந்தது. தன் எழுத்தைப் போட்டால் நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று கேள்வி வரும். அவள் யோசிக்கவே இல்லை. "என்ன பெருசா, ரெண்டு எழுத்துதான," என்று போட்டாள்.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்றுதான் ஆரம்பித்தது. ஆறு மாதம் நடந்தது. கழுத்து தேறிய பிறகும் நடந்தது. அதுதான் என்னை இன்றும் அரிக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அவசர அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு அவள் என் மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். நான் ரெக்கார்டு ரூமில் உருண்டுகொண்டிருப்பேன். வலி போன பிறகு எழுந்து வந்திருக்கலாம். அந்தச் சாக்கின் மேல் கண்ணை மூடிக் கிடக்கும் சுகம் எனக்குப் பழகிப்போனது. கனமான ஸ்டேட்மென்ட் வந்த நாளில், "கழுத்து பிடிக்குதுக்கா," என்று பொய்கூடச் சொல்லியிருக்கிறேன். என் தட்டு என்பதால் அவள் கூடுதல் கவனமாக அடிப்பாள், என் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று. ரப்பர் பட்ட தடமே இருக்காது. சாப்பாட்டு நேரத்தில் முடியாததையும் சேர்த்து முடித்த பிறகு, அவளுடைய தட்டு மட்டும் கடைசியில் மிஞ்சும். நாலரை மணிக்கு மேல், கை ஓய்ந்துபோன நேரத்தில், குழந்தை என்ன செய்கிறதோ என்ற நினைப்போடு அதை அடிப்பாள். அழித்து அழித்து அடிப்பாள், மேலேயே அடிப்பாள், சில நாள் தேதியைக்கூட மாற்றிப் போட்டுவிடுவாள்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் செய்தி வந்தது. டைப்பிஸ்டுகளில் ஒருவரை நிரந்தரம் செய்யப் போகிறார்கள். ஒரே ஒருவரை. அந்தச் செய்தி வந்த சாயங்காலம் அவள் லைன் வழியாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நேர் வழியாகவே போனோம். யாருக்குக் கிடைக்கும் என்று இரண்டு பேருமே பேசவில்லை. மூத்தவள், முன்னால் சேர்ந்தவள், வேகம் அதிகம் உள்ளவள், அவளுக்குத்தான் என்று நான் நிஜமாகவே நினைத்தேன்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆள் பார்த்துக் கொடுக்கிறவர் இல்லை. அதனால்தான் வேலையைப் பார்த்துக் கொடுக்கிறேன் என்று ஆறு மாதக் கார்பன் காப்பிகளை எடுத்துவரச் சொன்னார். ஹெட் கிளார்க் கடிதத்தின் அடியில் இருந்த எழுத்துகளைப் பார்த்து இரண்டு கட்டாகப் பிரித்து மேஜைமேல் வைத்தார். எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் என் கட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"சொல்லிக்கிற மாதிரி ஒரு தப்பு இல்லம்மா இதுல. நம்ம ஆபீஸ்ல இவ்வளவு சுத்தமா யாரும் அடிச்சது கிடையாது."

பிறகு அவள் கட்டைப் புரட்டினார். இரண்டு மூன்று தாள்களை வெளியே எடுத்து வைத்தார். அழித்த இடம், மேலே அடித்த இடம், தேதி தப்பிய இடம்.

"உனக்கு வேகம் இருக்கு. கவனம் போதலயே அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. சும்மா பார்த்தாள். செத்த நேரம்தான். கண்டக்டரிடம் எகிறுகிற வாய், நீளம் என்று தெருவே சொல்லும் வாய், அந்த அறையில் திறக்கவில்லை. சொன்னால் இரண்டு பேரையுமே வெளியே அனுப்பிவிடுவார்கள், ஒருவர் எழுத்தை ஒருவர் போடுவது குற்றம்தானே என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நிமிஷத்தில் அப்படி ஒரு யோசனையே எனக்கு வரவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"ஆமா சார்," என்றாள் அவள், மேனேஜரைப் பார்த்து.

அன்றைக்கும் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். "உங்கம்மா சந்தோசப்படுவாக. அவியகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு," என்றாள். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா சாமிக்கு விளக்கு ஏற்றினாள்.

நிரந்தரமானதும் எனக்கு வீடு வேண்டுமா என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். உள்ளூரில் இல்லையென்றாலும் கேட்கலாம். நான் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை என் பெயரில் வாங்கி அவளையும் குழந்தையையும் குடிவைத்திருக்கலாம் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. கடைசியிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு யாரோ ஒரு ஃபிட்டர் குடும்பம் வந்தது. அவர்கள் வாசலில் கோலம் போட்டிருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அவள் அதன் பிறகும் நாலு மாதம் வேலைக்கு வந்தாள், அதே தற்காலிகத்தில். என் தட்டை நானே அடித்தேன். ரெக்கார்டு ரூமுக்குப் போவது நின்றது. எங்களுக்குள் சண்டை இல்லை, பேச்சும் நிற்கவில்லை, மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஆனால் எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சலாக வந்தது. அவள் இருமினால் எரிச்சல். மெஷினில் ரிப்பன் மாற்ற நேரமெடுத்தால் எரிச்சல். தப்பு செய்தவளுக்குத்தான் அப்படிக் கோபம் வரும் என்று இன்றைக்குத் தெரிகிறது, அன்றைக்கு அவள்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் எதிர் மேஜைக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள். அண்ணன் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது. கான்சாபுரத்துக் குடும்பம், அவர் போலீஸில் இருந்தார். பெர்மனன்ட் என்று கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வீடு பார்த்தோம். அந்த உருளையையும் நான் எடுத்துக்கொண்டு போனேன். தூக்கிப் போட மனசு வரவில்லை, போடவும் முடியாது, வேலைக்குப் போகிற வரைக்கும் கழுத்து வலி இருக்கத்தானே செய்யும். சாயங்காலம் வந்ததும் பாயை விரித்து அதில் படுப்பேன். தோளுக்கு நடுவில் முதலில், பிறகு பிடரியில். அவள் சொல்லிக்கொடுத்தபடிதான். இறுக்கம் விட விட எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். "வலிக்குதுன்னா எதுக்கு அதுல படுக்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். வலி விட்டுப்போவதால் அழுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. இரண்டு மூன்று வருடத்தில் பேண்டேஜ் துணி கிழிந்தது, ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒருநாள் பெருக்கி அள்ளினேன்.

தொண்ணூறுகளில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மேஜை தாழ்ந்தது, நாற்காலிக்குச் சக்கரம் வந்தது, கடிதத்தின் அடியில் எழுத்துப் போடுகிற வழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவள் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருக்கிறாள் என்று மட்டும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து, மடியில் துணியை வைத்து, நாள் முழுக்கக் குனிந்தபடி சுருட்டுகிற வேலை. கேட்ட அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. மனுஷ ஜென்மம் அப்படித்தான்.

பிறகு ஓர் ஆடிப்பூரத் தேரன்று அவளைப் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள், நான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீட்டிய கைகளில் ஒரு கையைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். அவள்தான். கழுத்தில் டாக்டர்கள் கொடுக்கும் காலர் மாட்டியிருந்தாள். தாடை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. குனியவும் முடியாது, திரும்பவும் முடியாது. முடி முன்பக்கம் நரைத்திருந்தது.

"ஏட்டி!" என்றாள். அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைத் தூக்கி வாய்க்கு நேரே கொண்டுபோய், தலையை அசைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். மகளைத் தளவாய்புரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாளாம். தான் இன்னும் அண்ணன் வீட்டில்தானாம். அண்ணிக்கு வயசாகி இப்போது பேச்சு குறைந்துவிட்டது என்று சிரித்தாள். டாக்டர் எலும்பு தேய்ந்துபோச்சு என்றாராம்.

"உனக்கு எப்படி இருக்கு கழுத்து?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கு மேனேஜர் முன்னால நான் வாயத் தொறந்திருக்கணும்க்கா. அம்புட்டும் நீ அடிச்சதுன்னு நான் சொல்லியிருக்கணும்," என்றேன். எத்தனையோ வருடமாகக் கட்டி வைத்திருந்தது, ஒரே மூச்சில் வந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆமா," என்றாள். "சொல்லியிருக்கணும்."

விடு, போனது போகட்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை. அவள் அப்படிச் சொல்லவில்லை. காலருக்கு மேலே கண்ணை மட்டும் திருப்பி வாசலைப் பார்த்தபடி பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"பேண்டேஜ் கம்பெனியில அப்பவே கூப்பிட்டாக. அண்ணனும் போ போன்னுச்சு. நான்தான் போகல. நாலு மாசம் அங்கனயே வந்து உக்காந்தேன்ல, ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"எதுக்கு வந்தேன்னு நெனச்ச? நீ சொல்லிருவன்னுதான். சின்னப் புள்ள, பயந்துட்டா, பயம் தெளியவும் அவளே போய்ச் சொல்லிருவான்னு நெனச்சேன். காலையில கெளம்பும்போது எம்மககிட்டச் சொல்லிட்டு வருவேன், இன்னைக்கு நமக்கு வீடு கெடச்சிரும்னு. சாயங்காலம் வாசல்லயே நிப்பா. கெடச்சிருச்சான்னு கேப்பா. நாளைக்குன்னு சொல்லுவேன். தெனமும் கேட்டா. பொறவு ஒருநா கேக்கல. அவ கேக்கலன்னதும் நானும் நிப்பாட்டிட்டேன்."

வெளியே தேர் நகர்கிற சத்தம் கேட்டது. தேர் பார்க்கக் கூட வந்திருந்த மகள் தேடுவாள் என்று எழுந்துகொண்டாள். நான் அவளைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டேன்.

அந்த நாலு மாதமும் மத்தியானத்தில் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, சோற்றில் கை வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன், "என்னக்கா, என் மூஞ்சில என்ன இருக்கு? தின்னுட்டு எந்திரிக்க வேண்டியதுதான?" என்று.

அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.